தொப்பிக்குள் குருவி

அனைவருக்கும் வணக்கம். பேஸ்பாலில் மேனேஜர் என்றால் அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவர் அல்ல. ஆட்டக்காரர்களைப் போலவே சீருடை போட்டுக்கொண்டு மைதானத்து ஓரத்தில் இருந்தபடி, யார் ஆடுவது, யார் பந்தெறிவது என்று முடிவெடுப்பவர். அந்த இடத்தில் இருந்துகொண்டு அமெரிக்காவையே சிரிக்க வைத்தவர் கேசி ஸ்டெங்கல். சிரிக்க வைத்ததாலேயே அவரைக் கோமாளி என்று பலர் ஒதுக்கினார்கள். அது பெரிய தவறு என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

1890இல் கான்சஸ் சிட்டியில் பிறந்தவர். பல் மருத்துவம் படிக்கப் போனார். இடது கைக்காரர், அங்கிருந்த கருவிகளோ வலது கைக்காரர்களுக்கானவை. படிப்பை விட்டுவிட்டு 1912இல் ப்ரூக்ளின் அணிக்கு ஆட வந்துவிட்டார். பிறகு பிட்ஸ்பர்க் அணிக்குப் போய், அதே ப்ரூக்ளின் மைதானத்துக்கு எதிரணிக்காரராகத் திரும்பி வந்தபோது ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். அவர் பணிவாகத் தொப்பியைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஒரு குருவி பறந்து போனது!

நியூயார்க் ஜயன்ட்ஸில் ஜான் மெக்ரா என்ற கறாரான மேனேஜரிடம் ஆடினார். எதிர்க் கைக்காரர் எறியும் பந்தை அடிப்பது எளிது என்பது மெக்ராவின் கணக்கு. வலது கைப் பந்தெறிபவர் வந்தால் இடது கைக்காரரான இவர் ஆடலாம். இடது கைக்காரர் எறிந்தால் வெளியே உட்கார வேண்டும். வேறொருவருக்கு அது அவமானமாகப் பட்டிருக்கும். இவரோ உட்கார்ந்த இடத்திலேயே பாடம் படித்தார்.

மேனேஜரான பிறகு ப்ரூக்ளினிலும் பாஸ்டனிலும் ஒன்பது சீசன்கள். எட்டு அணிகள் ஆடும் லீக்கில் ஐந்தாம் இடத்துக்கு மேல் ஒருமுறைகூட வரவில்லை. அதனால் 1949இல் நியூயார்க் யாங்கீஸ் இவரை அழைத்தபோது பலரும் வியந்தார்கள். அந்த ஆண்டு அணியின் நட்சத்திர ஆட்டக்காரர் ஜோ டிமாஜியோ காயத்தால் ஏறக்குறைய பாதி ஆட்டங்கள் ஆடவில்லை. கேசி, மெக்ராவின் பாடத்தை எடுத்தார். எறிபவரின் கையைப் பார்த்து ஆட்டக்காரர்களை மாற்றி மாற்றி இறக்கினார். கடைசி நாள் ஆட்டத்தில்தான் லீக் பட்டம் கிடைத்தது. அப்புறம், இரண்டு லீக்குகளில் பட்டம் வென்ற அணிகள் மோதும் உலகத் தொடரும். 1953 வரை தொடர்ந்து ஐந்து உலகத் தொடர்கள்! பன்னிரண்டு ஆண்டுகளில் பத்து லீக் பட்டங்கள், ஏழு உலகத் தொடர்கள்.

அவருடைய பேச்சு தனி ரகம். 1958இல் பேஸ்பால் தொழிலுக்கான சட்டம் பற்றி, அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டின் குழு முன்னால் சாட்சி சொன்னார். சுற்றிச் சுற்றிப் பேசியதில் செனட்டர்கள் சிரித்தார்களே தவிர, பதில் ஒன்றும் பிடிபடவில்லை. அடுத்து வந்த யாங்கீஸ் ஆட்டக்காரர் மிக்கி மேன்டில், தன் கருத்தும் ஏறக்குறைய கேசியின் கருத்துதான் என்றார். அவ்வளவுதான், அவையே குலுங்கியது.

1960இல் உலகத் தொடரைத் தோற்றதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எழுபது வயதாகும் தவறை இனிச் செய்யமாட்டேன் என்றார். ஆனால் 1962இல் புதிதாகப் பிறந்த மெட்ஸ் அணிக்கு வந்தார். அந்த ஆண்டு 120 தோல்விகள். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் செய்தியாளர்கள் முன்னால் அவரே பேசினார், கதை கதையாக. மறுநாள் பத்திரிகையில் பையன்களின் பிழைகளைவிடக் கிழவரின் பேச்சே பெரிதாக வந்தது. வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தார் என்று நான் நம்புகிறேன்.

ஜெயித்த யாங்கீஸ், தோற்ற மெட்ஸ் இரண்டுமே அவருடைய 37ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று எடுத்து வைத்துவிட்டன.