அது கேஸ்ட்ரிக் இல்லை: புலிமியா பற்றிக் கொஞ்சம் பேசலாம்

வணக்கம் எல்லாருக்கும். இலங்கை மலையகத்தில் ஹட்டனில் இருந்து பேசுகிறேன். பின்னால் கேட்கிறது தகரத்தில் விழுகிற மழை. அதை எடிட்டிங்கில் எடுக்க முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டொக்டர் இல்லை. டவுனில் ஒரு பாமசியில் நிற்கிறேன், பழைய ஆட்களுக்குத் தெரியும். கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்குச் சில விஷயம் வீட்டாருக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். டியூஷன் பேக்கோடு ஒரு பிள்ளை வருவாள். மலச்சிக்கல் என்று சொல்லிப் பேதி மாத்திரை கேட்பாள். நம் முகத்தைப் பார்க்க மாட்டாள், ஷோகேஸில் இருக்கிற சவர்க்காரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பாள். கொஞ்ச நாளில் திரும்பவும் வருவாள். அப்புறம் நம் கடையை விட்டுவிட்டு வேறு கடைக்குப் போவாள். இப்படி வருகிற எல்லாருக்கும் ஒரே கதை இல்லை, சிலருக்கு உண்மையிலேயே மலச்சிக்கல்தான். ஆனால் சிலருடைய கதைக்குப் பெயர் புலிமியா.

என்ன நோய் அது? கட்டுப்படுத்த முடியாமல், குறுகிய நேரத்தில், வயிறு வலிக்கிற அளவுக்குச் சாப்பிடுவது. சாப்பிட்ட பிறகு பயமும் வெட்கமும் வந்து, உடம்பு வைத்துவிடும் என்று அதை எப்படியாவது ஈடுகட்டப் பார்ப்பது. வாந்தி எடுப்பார்கள், பேதி மாத்திரை போடுவார்கள், அடுத்த நாள் முழுக்கப் பட்டினி கிடப்பார்கள், மூச்சு வாங்க உடற்பயிற்சி செய்வார்கள். வாரத்துக்கு ஒரு தடவையாவது, 3 மாதம் இப்படி நடந்தால் டொக்டர்மார் புலிமியா என்று சொல்கிறார்கள். 1979இல் லண்டனில் ஜெரால்ட் ரசல் என்கிற மனநல மருத்துவர் 30 நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் இது முதலில் தனி நோயாகப் பெயர் பெற்றது. பொம்பளைப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். ஆனால் ஜிம்மே கதியென்று கிடக்கிற தம்பிமாரும் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலானோர் எலும்பும் தோலுமாக இருக்க மாட்டார்கள். நிறை சாதாரணமாக இருக்கும், சிலருக்குக் கூடுதலாகவே இருக்கும். நம் பக்கத்தில் சாப்பாட்டுப் பிரச்சினை என்றால் ரத்தசோகை, நிறை குறைவு, இதைத்தான் தெரியும். தராசில் ஏற்றிப் பார்க்கிற மிட்வைஃப் மிஸ்ஸுக்கும் நம்பர் சரியாக இருந்தால் சந்தேகம் வராது.

வாந்தி தெரிய வந்தால் மட்டும் என்ன நடக்கிறது? முதலில் கேஸ்ட்ரிக் என்பார்கள், வாங்கிக் கொடுக்க ஒரு மருந்து இருக்கும். அதற்கும் அடங்கவில்லை என்றால் யாரோ என்னமோ செய்துவிட்டார்கள் என்று நூல் கட்டப் போவார்கள். கலியாணம் ஆகாத பிள்ளை என்றால் இன்னும் மோசம். பக்கத்துக் காம்பராவில் ஒரு கேள்வி கிளம்பும், அது என்ன கேள்வி என்று நான் சொல்லத் தேவையில்லை. தோட்டத்து லயம் என்றால் வரிசையாக ஒட்டிய காம்பராக்கள், அங்கே ரகசியம் எங்கே இருக்கிறது? நடுவில் ஒரு சுவர், மேலே ஒரே தகரம், கக்கூசுக்கு வெளியே நடக்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பயந்தே பிள்ளை இன்னும் ஒளிப்பாள். மழை இரைகிற நேரம் பார்த்து வெளியே போவாள். இருமல் சத்தம் கேட்டாலும் நாம் தூக்கத்தில் புரண்டு படுத்துக்கொள்வோம்.

இப்போது காரணத்துக்கு வருவோம். எனக்கு வாக்குவாதம் வருகிற இடம் இதுதான். பிள்ளை பேராசையில் தின்கிறாள், வாய் அடக்கம் இல்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். பெரும்பாலும் இது தின்பதில் தொடங்குவதே இல்லை, தின்னாமல் இருப்பதில்தான் தொடங்குகிறது. 1944, 45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான ஆண்களை ஆறு மாதம் அரை வயிற்றுச் சாப்பாட்டில் வைத்துப் பார்த்தார். அவர்கள் நாள் முழுக்கச் சாப்பாட்டையே நினைத்தார்கள். ஆராய்ச்சி முடிந்து தாராளமாகச் சாப்பாடு கொடுத்தபோது சிலர் வயிறு முட்டத் தின்றும் பசி அடங்கவில்லை என்றார்கள். அந்த ஆண்களுக்கு யாரும் “குண்டு” என்று பட்டம் வைக்கவில்லை, டிக்டொக்கும் கிடையாது. உடம்பைப் பட்டினி போட்டால் உடம்பு திருப்பி அடிக்கும், அவ்வளவுதான். காலையில் வெறும் பிளேன்டி, பகல் சாப்பாட்டைத் தோழிக்குத் தள்ளிவிடுவது, இப்படிப் போகிற பிள்ளை ராத்திரி ரொட்டித் தட்டுக்கு முன்னால் தன்னை மறப்பதில் ஆச்சரியம் இல்லை. பிறகு குற்ற உணர்ச்சி, வாந்தி, நாளைக்கு இன்னும் கடுமையான பட்டினி. வெள்ளிக்கிழமை விரதம் என்று சொன்னால் அம்மாவும் சந்தோஷப்படுவார்.

பட்டினி மட்டும் காரணமா? இல்லை. பரம்பரைக்குப் பங்கு உண்டு. மனச்சோர்வு, பதற்றம், சின்ன வயதில் பட்ட கொடுமைகள், எல்லாம் சேரும். பார்க்கிற படமும் சேரும். பிஜி தெரியும்தானே, நம் ஆட்களை இங்கே தோட்டத்துக்குக் கொண்டுவந்தது போலவே, கரும்புத் தோட்டத்துக்குத் தமிழர்களைக் கொண்டுபோன நாடு. அங்கே ஒரு மாகாணத்துக்கு 1995இல் டிவி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆராய்ச்சியாளர் அங்குள்ள பூர்வகுடிப் பள்ளிப் பிள்ளைகளிடம் டிவி வந்த புதிதில் கேட்டபோது, நிறையைக் குறைக்க வாந்தி எடுப்பதாக ஒருத்தியும் சொல்லவில்லை. 1998இல் கேட்டபோது 100க்கு 11 பேர் ஆம் என்றார்கள். அது வெறும் டிவி. நம் பிள்ளைகள் கையில் போன்.

பாதிப்பு என்று வந்தால், வெளியே தெரியாததுதான் பயங்கரம். வாந்தியாலும் பேதியாலும் உடம்பில் பொட்டாசியம் என்கிற தாதுச்சத்து குறையும். அது குறைந்தால் கை கால் சோரும், கெண்டைக்கால் இழுக்கும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், சில நேரம் நின்றே போகும். நேற்று வரை பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கும் அது நடக்கலாம். உணவுக் குழாய் கிழிந்து வாந்தியில் ரத்தம் வரலாம். மாதவிடாய் தவறும். வயிற்று அமிலம் பட்டுப் பட்டுப் பல்லின் உள்பக்கம் கரையும். அதனால் வீட்டாருக்கு முன்னால் பல் டொக்டர் கண்டுபிடிப்பதும் உண்டு. வாந்தி எடுத்த உடனே பல் தீட்ட வேண்டாம், அமிலத்தில் இளகிய பல் இன்னும் தேயும். தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள்.

இன்னொன்று. அடிக்கடி வாந்தி எடுத்தால் காதுக்குக் கீழே இருக்கிற உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கும். முகம் உருண்டையாகத் தெரியும். கலியாண வீட்டில் யாராவது பெரியம்மா கன்னத்தைக் கிள்ளி, “இப்பதான்டி பூசினாப்ல இருக்கே” என்பார். அவர் பாசத்தில்தான் சொல்கிறார். பிள்ளை வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்துவிட்டு இன்னும் பட்டினி கிடப்பாள்.

பேதி மாத்திரை பற்றி என் கவுண்டர் அனுபவத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சாப்பாட்டுச் சத்தை உடம்பு சிறுகுடலிலேயே பெரும்பாலும் எடுத்துவிடும். இந்த மாத்திரைகள் வேலை செய்வது பெருங்குடலில். தராசில் குறைகிறது கொழுப்பு இல்லை, தண்ணீர். மாத்திரையை நிறுத்தினால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொஞ்ச நாள் உப்பும். ஐயோ குண்டாகிறேன் என்று பயந்து திரும்ப மாத்திரைக்கு ஓடுவார்கள். அந்த உப்பல் வடியும். நாள்கணக்காக நிறையப் போட்டவர்கள் மட்டும் சட்டென்று தாங்களாகவே நிறுத்தாமல் டொக்டரிடம் சொல்லி நிறுத்துங்கள்.

இது குணமாகிற நோய். சிந்தனையையும் நடத்தையையும் மாற்றுகிற பேச்சு சிகிச்சை இருக்கிறது, வழக்கமாக 20 தடவை அளவில் போக வேண்டியிருக்கும். சிலருக்கு மனச்சோர்வுக்குக் கொடுக்கிற ஃபுளுவொக்ஸட்டீன் என்ற மருந்தும் கொடுப்பார்கள். டொக்டர் எழுதினால் மட்டும், என்னிடம் வந்து கேட்க வேண்டாம். சிகிச்சையில் முதல் வேலையே நேரத்துக்குச் சாப்பிடுவது. ரொட்டி, பத்து மணி டீயோடு பிஸ்கட், பகல் சோறு, நாலு மணிக்கு ஏதாவது, ராத்திரி சாப்பாடு. அதிக நேரம் வயிற்றைக் காயப்போடாமல் இருந்தால் ராத்திரி வெறி தானாகவே தணிய ஆரம்பிக்கும். அம்மாமார் தட்டைப் பார்த்துக் காவல் காக்க வேண்டாம், கூட உட்கார்ந்து வேறு கதை பேசுங்கள்.

நுவரெலியா, கண்டி, பதுளை பெரிய ஆஸ்பத்திரிகளில் உளநல கிளினிக் இருக்கிறது, காசு இல்லை. போனில் பேச விரும்பினால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். தமிழில் பேச வேண்டும் என்று எடுத்த உடனே சொல்லுங்கள். ஓ.பி.டி.க்குப் போனால் “கேஸ்ட்ரிக்” என்று சொல்லாமல், “நானே வாந்தி எடுக்கிறேன்” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரியைச் சொன்னால்தான் பொட்டாசியத்துக்கு ரத்தமும் ஒரு ஈ.சி.ஜி.யும் எடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றும். நெஞ்சு படபடப்பு, மயக்கம், வாந்தியில் ரத்தம், இதில் ஒன்று இருந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள்.

சரி, கமெண்டில் கேள்வி கேளுங்கள். உங்கள் நிறை எத்தனை கிலோ என்று மட்டும் எழுத வேண்டாம், அடுத்த பிள்ளை அதைப் பார்த்துத் தன்னோடு ஒப்பிடுவாள். எழுதினால் அழித்துவிடுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.