‘ரத்தக்கண்ணீர்’ சந்திராவும் நம் வீட்டுக் கல்யாணங்களும்

அவைத்தலைவர் அவர்களே, இந்திய நற்பணிச் செயற்குழுத் தலைவர் அவர்களே, அடித்தளத் தலைவர்களே, ஞாயிற்றுக்கிழமையிலும் மாணவர்களைக் கூட்டி வந்திருக்கும் தமிழாசிரியர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் பழைய வார்டுத் தோழிகளே, வணக்கம். பொன்னாடை போர்த்திய தலைவருக்குத் தனியாக ஒரு நன்றி. காலையிலிருந்து நாற்காலி அடுக்கிய தொண்டூழியர்களுக்கும் நன்றி. தமிழ்மொழி விழா என்றால் இந்தச் சமூக மன்றம் என்னை மறப்பதே இல்லை.

‘ரத்தக்கண்ணீர்’ படம் காட்டும் திருமணத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன். ஒன்று, எம்.ஆர். ராதாவின் வசனம். இரண்டு, காந்தா. மூன்று, சந்திரா.

படம் வந்தது 1954ல். திருவாரூர் தங்கராசு எழுதி, ராதா மேடையில் நடித்துப் புகழ்பெற்ற நாடகத்தைக் கிருஷ்ணன் பஞ்சு இயக்கினார்கள். வெளிநாட்டில் இருந்து திரும்பும் மோகனசுந்தரம், கட்டிய மனைவி சந்திராவை விட்டுவிட்டுத் தாசி காந்தாவே கதி என்று கிடக்கிறான். பணம் போகிறது, தொழுநோய் வருகிறது, காந்தா துரத்துகிறாள், தெருவில் பிச்சை எடுக்கிறான். இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நான் தாதியாக வேலை பார்த்தவள். தொழுநோய் பாவத்துக்குக் கிடைக்கும் தண்டனை இல்லை. கிருமியால் வருவது, மருந்தால் குணமாவது. அந்த இடத்தில் படத்தோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

ராதாவின் வசனத்தை உங்களில் பாதிப் பேர் மனப்பாடமாகச் சொல்வீர்கள். அதனால் நேராகச் சந்திராவிடம் போகிறேன்.

என் அப்பாயி அடிக்கடி சொல்வார்: “உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது.” எங்கள் அத்தை விஷயத்தில் அதைக் கண்ணால் பார்த்தேன். அத்தை இருந்தது இதே சிங்கப்பூரில், அங் மோ கியோவில், நாங்கள் இரண்டு புளோக் தள்ளி. மாமாவுக்குத் துறைமுகத்தில் வேலை. சனிக்கிழமை ஆனால் மலேசியாவில் உள்ள ஜொகூருக்குப் போய்விடுவார், நண்பர் வீடு என்பார். ஒருநாள் துவைக்கப் போட்ட கால்சட்டையில் ஒரு ரசீது. சின்னப் பையன் போடுகிற பள்ளிக்கூடச் சப்பாத்து, ஒரு ஜோடி. அத்தைக்கு ஒரே பிள்ளை, அதுவும் பெண். ரசீதைக் காயவைத்து, மடித்து, அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டார். நான்கு மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் கீழ்த்தளத்துக் கடைக்காரர் முதற்கொண்டு எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது. கடைசியில் தெரிந்துகொண்டவர் அத்தைதான்.

விவாகரத்து ஆன வருஷம், எங்கள் வீட்டில் இந்தப் படத்தை வீடியோ கேசட்டில் போட்டோம். காந்தா அவனைத் துரத்தியபோது சித்தப்பா எல்லாம் கை தட்டினார்கள். அத்தை பேசாமல் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார். கடைசியில் மோகனசுந்தரம் தன் நண்பன் பாலுவைக் கூப்பிட்டு, சந்திராவைக் கல்யாணம் செய்துகொள் என்கிறான் பாருங்கள், அப்போது அத்தை முறுக்கு அச்சைக் கீழே வைத்தார். “அந்த இடத்தை இன்னொரு தடவை போடும்மா” என்றார். மூன்று தடவை போட்டேன். மாவு காய்ந்துபோயிற்று.

எனக்கு இந்தப் படம் அந்த மூன்று தடவைதான். துரோகம் செய்தவன் என்ன ஆனான் என்று காட்டும் படங்கள் நிறைய. துரோகத்துக்கு ஆளானவளுக்கு இன்னொரு வாழ்க்கை உண்டு என்று 1954லேயே சொன்ன படம் இது. அதைக்கூடக் கணவன் வாயால்தான் சொல்ல வைத்தார்கள். சந்திராவே கேட்டிருந்தால் எனக்கு இன்னும் பிடித்திருக்கும். இங்கே சிங்கப்பூரில் 1961ல் மாதர் சாசனம் என்ற சட்டம் வந்தது. முஸ்லிம் அல்லாதவர்களில் ஒருவனுக்கு ஒரு மனைவிதான் என்று சட்டமே சொல்லிவிட்டது. சட்டம் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது. நம் மணவறை?

அத்தை மகள் கல்யாணத்துக்கு வருவோம். கேன்டீனில் வேலை பார்த்துத் தனியாக வளர்த்த பெண். தாரை வார்க்கும் நேரம், அத்தை செம்போடு நின்றார். “சுமங்கலியாக யாராவது வாங்க” என்று ஒரு குரல். ஒன்றுவிட்ட சித்தப்பாவும் சித்தியும் முன்னால் வந்தார்கள். சித்தி செம்பை வாங்கியபோது தண்ணீர் தளும்பி அத்தையின் பட்டுச்சேலை முன்பக்கம் நனைந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டே தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அன்றைக்கு அந்த மண்டபத்தில் ஊராக நின்றவர்களில் நானும் ஒருத்தி. நானும் வாய் திறக்கவில்லை. இத்தனை வருஷமாக அது என்னை உறுத்துகிறது.

அதனால்தான் எந்த மேடை கிடைத்தாலும் இதையே கேட்கிறேன். தனியாக வளர்த்த தாய் தனியாகவே தாரை வார்க்கட்டும். கணவனை இழந்தவரும் பிரிந்தவரும் ஆரத்தித் தட்டைத் தொடட்டும். பத்திரிகையில் அம்மா பெயரை மட்டும் அச்சடிக்கலாம். மறுமணம் என்றால் பதிவு அலுவலகத்தோடு முடித்துக்கொள்ளாமல் மேளம் வைத்துச் செய்யுங்கள். நாம் வாயைத் திறந்து “அம்மாவே வாங்க” என்று கூப்பிட்டால் ஐயர் மறுக்கப் போவதில்லை, நான் இரண்டு கல்யாணங்களில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன்.

காந்தாவைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். ஒரே ஒரு அழைப்பு. வருகிற ஆவணியில் அத்தையின் பேத்திக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். மணவறையில் மாப்பிள்ளை பக்கம் அந்த அம்மாதான் நிற்கப் போகிறார். முதல் ஆரத்தியை அத்தை எடுக்கப் போகிறார், எண்பத்திரண்டு வயதில். பத்திரிகை என் பையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள்.