டிக்கெட் எடுக்காத பைப்பர்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். கொடுத்திருப்பது எட்டு நிமிடம். வணக்கத்துக்கு இவ்வளவு போதும்.

தலைப்பு: கடல் கடந்த மண்ணில் ஸ்காட்லாந்துக்காரர்கள் தம் மரபைக் கொண்டாடுவது வேரா, வேடமா? கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் வாழும் தமிழர்கள் நாம். இந்த மாகாணத்தின் பெயருக்கே 'புதிய ஸ்காட்லாந்து' என்றுதான் பொருள். இங்கே உட்கார்ந்து இதைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது? வேர் என்று நிறுவ ஆறு வாதங்கள் எழுதி எடுத்து வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒன்று சொன்னார், நீங்களும் கைதட்டினீர்கள். "வருடத்தில் 364 நாள் பேண்ட் போட்டுக்கொண்டு, ஒரே ஒரு நாள் கட்டம் போட்ட பாவாடையைச் சுற்றிக்கொண்டு வந்தால் அது மரபா? பள்ளிக்கூட மாறுவேடப் போட்டி!" என்றார். அந்த ஆறு வாதங்களும் பையிலேயே கிடக்கட்டும். இந்தப் பாவாடைக்குப் பதில் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்கமாட்டேன்.

அண்ணா, நீங்கள் பாவாடை என்று சொன்ன அந்தக் கில்ட்டைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 1746 ஏப்ரலில் கல்லோடன் போர்க்களத்தில் ஸ்காட்லாந்தின் மலைநாட்டுப் படை அரசரின் படையிடம் தோற்றது. அதே ஆண்டு லண்டன் நாடாளுமன்றம், ஸ்காட்லாந்தில் ஆணோ சிறுவனோ மலைநாட்டு உடை உடுத்தக் கூடாது என்று சட்டம் இயற்றியது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் சிறை. மறுமுறை பிடிபட்டால் கடலுக்கு அப்பாலுள்ள தோட்டங்களுக்கு ஏழு ஆண்டு நாடுகடத்தல். அரசரின் படையில் சேர்ந்தவனுக்கு மட்டும் விலக்கு. அதாவது, உன் அப்பன் உடுத்திய உடையை நீ உடுத்த வேண்டுமா, அதைப் பறித்தவனுக்காகத் துப்பாக்கி தூக்கு! 1782 வரை, 36 ஆண்டுகள் இந்தச் சட்டம் இருந்தது. ஒரு தலைமுறையே அந்தத் துணியை உடுத்தாமல் வளர்ந்தது.

இன்று அண்ணன் பட்டு வேட்டியில் வந்திருக்கிறார். பார்க்க அழகாக இருக்கிறது. நாளை காலை அவரும் பேண்ட் போட்டுத்தான் வேலைக்குப் போவார். அதனால் இந்த வேட்டி வேடமாகிவிடுமா? 2014இல் சென்னையில் ஒரு மன்றம், வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக ஒரு நீதிபதியை உள்ளே விடவில்லை. அன்று நமக்கு எப்படிக் கொதித்தது! அதே ஆண்டு தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் இயற்றி அந்தத் தடையை நீக்கியது. ஒரு வாசலில் ஒரு மாலை நடந்ததற்கே நமக்கு அவ்வளவு கோபம் என்றால், ஒரு நாடு முழுக்க 36 ஆண்டுகள் பொறுத்தவர்களின் நெஞ்சை நினைத்துப் பாருங்கள்.

இப்போது ஒரு கப்பலுக்கு வருகிறேன். 1773 கோடைக்காலம். கப்பலின் பெயர் ஹெக்டர். ஸ்காட்லாந்தின் லோக் புரூம் கரையில் ஏறத்தாழ 180 பேர் ஏறுகிறார்கள். ஏழைகள். ஊரில் குத்தகை கட்டி மாளாதவர்கள். கடைசி நேரத்தில் ஒருவன் ஏறுகிறான். கையில் பேக்பைப், காற்றுப்பையோடு கூடிய ஊதுகுழல். பயணக் கட்டணம் கட்டவில்லை. கேப்டன், "இறங்கு கீழே" என்கிறார். அவன் பைப்பை ஊதுகிறான். கப்பலில் இருந்தவர்கள் கேப்டனைச் சூழ்ந்துகொண்டு கெஞ்சுகிறார்கள். "இவனை இறக்காதீர்கள். எங்கள் சாப்பாட்டில் இவனுக்குப் பங்கு தருகிறோம்" என்கிறார்கள்.

அந்தக் கப்பல் வந்து சேர்ந்த, நம் மாகாணத்துப் பிக்டோ ஊரின் பழைய வரலாற்றில் இந்தச் செய்தி இரண்டு மூன்று வரியில் முடிந்துவிடுகிறது. என்னால் அப்படிக் கடந்து போக முடியவில்லை. இன்னொரு முறை சொல்கிறேன். அளந்து கொடுக்கும் உணவு. மடியில் பிள்ளைகள். எதிரே எத்தனை நாள் என்று தெரியாத கடல். அந்தத் தாய்மார்கள், "என் பிள்ளையின் தட்டிலிருந்து ஒரு கை எடுத்துக்கொள், எங்களுக்குப் பாட்டு வேண்டும்" என்கிறார்கள். எதிரணி நண்பர்களே, வேடம் பார்க்க எவனாவது பிள்ளையின் உணவைக் கொடுப்பானா?

கதை அங்கே முடியவில்லை. நியூஃபவுண்ட்லாந்து அருகே புயல் அடித்துக் கப்பலைப் பின்னுக்குத் தள்ளியது. இரண்டு வாரம் கூடுதலாகக் கடலில் கிடந்தார்கள். அம்மையும் வயிற்றுக்கடுப்பும் பரவி 18 குழந்தைகள் இறந்தார்கள். எல்லாரையும் கடலில்தான் விட்டார்கள். உணவு தீர்ந்தது. பூஞ்சை பிடித்ததென்று மற்றவர்கள் எறிந்த ஓட்கேக் (ஓட்ஸ் மாவு ரொட்டி) துண்டுகளை ஒருவர் முன்பே பொறுக்கிப் பையில் சேர்த்து வைத்திருந்தார். கடைசி நாட்களில் அதைத்தான் எல்லாரும் தின்றார்கள். இன்று ஹாலிஃபாக்ஸ் தேநீர்க் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி விற்கிறார்களே, அந்த ஓட்கேக்தான்.

செப்டம்பர் 15. கப்பல் பிக்டோ துறைக்கு வந்து சேர்கிறது. கரை வரைக்கும் அடர்ந்த காடு. (பூர்வகுடிகளான மிக்மாக் மக்களின் மண் அது. அதையும் இந்த மேடையில் சொல்லியாக வேண்டும்.) இருக்க வீடும் இல்லை, வெட்டித் திருத்திய நிலமும் இல்லை. அந்த நிலையில் இளைஞர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பெட்டியைத் திறந்து கில்ட்டை எடுத்து உடுத்தினார்கள். பைப்பர் முன்னால் நின்று ஊதினான்.

நடுவர் அவர்களே, ஆண்டைக் கவனியுங்கள். 1773. தடை நீங்கியது 1782இல். ஊரில் அந்தச் சட்டம் நீங்க இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன! சொந்த மண்ணில் குற்றமாக இருந்த உடையை வந்த மண்ணில்தான் நிமிர்ந்து நின்று உடுத்தினார்கள். அன்று பிக்டோ கரையில் கைதட்ட ஆளில்லை, பரிசு கொடுக்க ஆளில்லை. இதையா அண்ணா மாறுவேடப் போட்டி என்கிறீர்கள்?

குலத்துக்கு ஒரு கட்டம் என்று இன்று கடையில் விற்கும் ஒழுங்கு பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் வந்தது என்றார் எதிரணிச் சகோதரி. உண்மை, ஒப்புக்கொள்கிறேன். கட்டம் புதிதாக இருக்கலாம், உடுத்துகிறவனின் ஏக்கம் பழையது. 1863இலிருந்து நம் மாகாணத்து ஆன்டிகோனிஷ் ஊரில் மலைநாட்டு விளையாட்டு விழா நடக்கிறது. ஒருநாள் கூத்துக்கு இத்தனை ஆயுள் கிடையாது.

1970களின் தொடக்கத்தில் நம் மாகாணத்துக் கேப் பிரெட்டன் தீவின் பிடில் கலைஞர்கள் மறைந்துவருகிறார்கள் என்று தொலைக்காட்சியில் ஓர் ஆவணப்படம் வந்தது. தீவுக்காரர்களுக்குச் சுருக்கென்று தைத்தது. 1973இல் கிளென்டேல் என்ற சிற்றூரில் விழா எடுத்து, நூற்றுக்கும் மேற்பட்ட பிடில்காரர்களை ஒரே மேடையில் ஏற்றினார்கள். பின்னாளில் ஸ்காட்லாந்திலிருந்தே ஆட்கள் இந்தத் தீவுக்கு வந்தார்கள், அங்கே ஏறக்குறைய மறந்துபோன காலடி ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள.

இன்னும் ஒரு நிமிடம் கொடுங்கள். நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் ஆண்டு, கேப் பிரெட்டனில் ஒரு பாட்டியம்மாவின் வீட்டு மாடியில் குடியிருந்தேன். அவருடைய அம்மா, ஸ்காட்லாந்து மலைநாட்டாரின் மொழியான கேலிக் பேசியதற்காகப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவர். அந்த அடி தன் பிள்ளைகளுக்கு விழக் கூடாது என்று வீட்டில் அவர்களிடம் ஆங்கிலம் மட்டுமே பேசினாராம். ஒரு நாள் மாலை பாட்டியம்மா என்னையும் பேத்தியையும் கம்பளி அடிக்கும் விழாவுக்கு அழைத்துப் போனார். நீண்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து, நனைத்த கம்பளியைத் தாளத்தோடு அடித்து அடித்துப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளுவார்கள். ஒருவர் பாட, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். துணியை இறுக்க ஒரு காலத்தில் செய்த வேலை அது, நம் நடவுப் பாட்டைப் போல. இன்று துணி கடையில் கிடைக்கிறது. பாட்டுக்காகவே அடிக்கிறார்கள்.

பாட்டியம்மா ஒரு சொல் விடாமல் பாடினார். "என்ன பொருள்?" என்று கேட்டேன். "தெரியாது மகளே. அம்மா சமையலறையில் தனியாக இருக்கும்போது பாடுவாள், நான் கதவுக்கு வெளியே நின்று கேட்பேன்" என்றார். அவருக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்த பேத்திக்குப் பதினான்கு வயது. பள்ளியில் கேலிக் படிக்கிறாள். கொள்ளுப்பாட்டி எந்த மொழிக்காக அடி வாங்கினாரோ, அதை இன்று பள்ளிக்கூடமே சொல்லிக்கொடுக்கிறது. அந்தப் பெண் பாட்டியின் காதருகே குனிந்து, ஒவ்வொரு வரியாகப் பொருள் சொல்லத் தொடங்கினாள்.

பாட்டியம்மாவின் கை துணியை அடித்துக்கொண்டே இருந்தது. கண்ணைத் துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே. இறங்குகிறேன். வணக்கம்.