பரிசுக்கு முந்தைய பணம்

நேயர்களுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பிள்ளைகளுக்குக் கட்டடக்கலையிலும் ஓவியத்திலும் என்னென்ன போட்டிகள் இருக்கின்றன, என்னென்ன பரிசும் மானியமும் கிடைக்கின்றன என்று பேசச் சொல்லி இந்த நிலையத்தார் என்னை அழைத்தார்கள். டர்பனில் கட்டடக்கலை படித்து, இப்போது அதையே சொல்லிக்கொடுத்து வருகிறவள் நான். கேட்டதைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1992-ல் நான் இரண்டாம் ஆண்டு மாணவி. எங்கள் வீடு டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வர்த்தில், பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரே சுவர் உள்ள வீடு. அப்பாவுக்கு ஷூ ஃபேக்டரியில் வேலை. அம்மா துணி ஃபேக்டரியில் மெஷின் தைத்தார். அந்த வருஷம் மாணவர்களுக்கு ஒரு போட்டி வந்தது. தெருவோரச் சந்தைக்கு ஒரு கூரை வடிவமைக்க வேண்டும். மூன்று பெரிய பலகையில் வரைபடம், கூடவே ஒரு மாதிரி. மற்றவர்கள் பால்சா மரத்தில் மாதிரி செய்தார்கள். தக்கை மாதிரி லேசான மரம், வெண்ணெய் போல வெட்டும், விலைதான் எங்களுக்கு எட்டாது. அப்பா கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் ஒரு கட்டு அட்டையோடு வந்தார். சப்பாத்துக்குள் உள்ளங்காலுக்கு அடியில் வைக்கிறார்களே, அந்தப் பழுப்பு அட்டை. கழிவில் போகிற துண்டுகளை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கியிருக்கிறார்.

அந்த அட்டையை ஒரே அழுத்தில் வெட்ட முடியாது. ஓரம் பிசிறடித்துவிடும். பிளேடைச் சாய்க்காமல், இரும்பு ஸ்கேலை இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரே கோட்டில் நாலைந்து தடவை மெல்ல இழுக்க வேண்டும். கடைசி இழுப்பில் அட்டை தானாக விட்டுக்கொடுக்கும். அது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் விரலுக்குத் தெரியும். கூரையை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளுக்கு அம்மா ஒரு நைலான் நூல்கண்டு கொடுத்தார். ராத்திரி சமையலறை மேசையில் ஆயா, அதாவது என் பாட்டி, கூரையைப் பிடித்துக்கொள்ள, நான் நூலை முடிச்சுப் போட்டேன். "கோயில் பந்தலுக்கு இப்படித்தான்டி கட்டுவாங்க" என்று ஆயா சொன்னார். அவர் சொன்ன இடத்தில் முடிச்சைத் தள்ளிப் போட்டதும் கூரை ஆடாமல் நின்றது.

அந்தப் போட்டியில் எனக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசை இன்றுவரை முழு மனசோடு என்னுடையது என்று சொல்ல முடியவில்லை.

என் வகுப்பில் டர்பனின் இன்னொரு இந்தியர் பகுதியான பீனிக்ஸிலிருந்து ஒரு தோழி வந்துகொண்டிருந்தாள். அவள் வரைந்த கூரை என்னுடையதைவிட எவ்வளவோ மேல். மழைத்தண்ணீரைத் தூணுக்குள்ளேயே இறக்கி, மீன் விற்கும் பெண்கள் கை கழுவுகிற தொட்டிக்குக் கொண்டுபோயிருந்தாள். பென்சிலில் வரைந்து முடித்துவிட்டாள். அதற்குப் பிறகு மையில் இழுத்து, அச்சு எடுத்து, பலகையில் ஒட்ட வேண்டும். அந்தக் காலத்து அச்சு அமோனியா நெடியோடு ஈரமாக வரும், ஒரு தாளுக்கு இவ்வளவு என்று எண்ணி வாங்குவார்கள். அந்த மாதம் அவள் வீட்டில் அவ்வளவு பணம் இல்லை. அவள் யாரிடமும் கேட்கவில்லை. எனக்கே போட்டி முடிந்த பிறகுதான் தெரியும். நடுவர்கள் அன்றைக்கு வந்த வரைபடங்களைப் பார்த்து நேர்மையாகத்தான் தீர்ப்புச் சொன்னார்கள். அவளுடைய வரைபடம் சுருட்டிய குழாய்க்குள்ளேயே இருந்தது.

கட்டடக்கலைப் போட்டியில் நான் மதிக்கும் ஒரு பழக்கம் உண்டு. வரைபடத்தில் பெயர் எழுதக் கூடாது. ஒரு எண் மட்டும் போட்டு, பெயரை ஒட்டிய உறைக்குள் வைத்துத் தர வேண்டும். தீர்ப்பு முடிந்த பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள். சர்வதேசப் போட்டிகளுக்கு யுனெஸ்கோ 1956-ல் வகுத்து 1978-ல் திருத்திய விதிகளில் இது முக்கியமானது. நம் நாட்டில் இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. நிறவெறி ஆட்சியில் 1959-ல் வந்த சட்டத்தால், எனக்கு முந்தைய தலைமுறை இந்திய மாணவர்கள் வெள்ளையர் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்க அமைச்சரின் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஊரில், உறைக்குள் இருப்பவர் இந்தியக் கவெண்டரா, ஆப்பிரிக்கக் குமாலோவா, வெள்ளைக்கார ஸ்மித்தா என்று தெரியாமல் ஒருவர் வேலையை எடைபோடுவது பெரிய விஷயம்.

அந்த முறையால் நாடு அடைந்த நன்மைக்கு ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் அரசியலமைப்பு நீதிமன்றத்தைப் பாருங்கள். உலகம் முழுவதற்கும் திறந்துவிட்ட போட்டி அது. நடுவர்களில் ஒருவர் இந்தியக் கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் கொரியா. 1998-ல் வென்றவர்கள் டர்பனில் இயங்கிய ஓ.எம்.எம். டிசைன் ஒர்க்‌ஷாப்பைச் சேர்ந்த ஜனினா மசோயாடா, ஆண்ட்ரூ மேகின் இருவரும், ஜோகன்னஸ்பர்க்கின் பால் வைகர்ஸும். எல்லாரும் இளைஞர்கள். காந்தியை அடைத்துவைத்திருந்த பழைய கோட்டைச் சிறையின் வளாகம் அது. இடித்த சிறைக் கட்டடத்தின் செங்கல்லையே நீதிமன்றத்தின் சுவருக்குள் வைத்துக் கட்டினார்கள். 2004-ல் திறந்தார்கள். ஜோகன்னஸ்பர்க் போனால் ஒரு மணி நேரம் ஒதுக்கி உள்ளே போய்ப் பாருங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள்.

அதே நீதிமன்றத்தில் இன்னொரு கதையும் உண்டு. எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது. நீதிமன்றம் தொடங்கிய காலத்தில் அலங்காரச் செலவுக்கு என்று வெறும் 10,000 ராண்ட் ஒதுக்கியிருந்தார்கள். ஒரு கட்டடம் முழுவதற்கும்! நீதிபதி ஆல்பி சாக்ஸ் அந்தப் பணத்தைத் திரைச்சீலைக்கும் நாற்காலிக்கும் பிரித்துக் கொடுக்கவில்லை. ஜோசப் என்ட்லோவு என்ற கலைஞரிடம் ஒரு சுவர்த்திரை நெய்து தரச் சொன்னார். இன்று அங்கே நூற்றுக்கணக்கான ஓவியங்களும் சிற்பங்களும் இருக்கின்றன, பெரும்பாலும் அன்பளிப்பாக வந்தவை. எல்லாவற்றுக்கும் முதல் பணம் அந்தப் பத்தாயிரம். வேலை முடிந்த பிறகு மாலை போடவில்லை, வேலை தொடங்குவதற்கு முன்னாலேயே பணத்தை ஒதுக்கிவைத்தார்கள்.

இப்போது நம் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது? கட்டடக்கலை இறுதியாண்டு மாணவர்களுக்கு, நம் ஊரையே தலைமையிடமாகக் கொண்ட செங்கல் நிறுவனம் கொரோபிரிக் 1980-களிலிருந்து நடத்திவரும் விருது இருக்கிறது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ஒருவரைத் தேர்ந்து, பிறகு அவர்களிலிருந்து நாட்டுக்கே ஒருவரைத் தேர்வார்கள். ஓவியத்துக்குச் சாசோல் நிறுவனம் நடத்தும் நியூ சிக்னேச்சர்ஸ். கண்காட்சி பிரிட்டோரியா கலைக்கூடத்தில் நடக்கும். அப்சா வங்கியின் லாட்டெலியே என்ற கலைப் போட்டி 1986-ல் தொடங்கியது. அதில் பல ஆண்டுகள் முதல் பரிசாகக் கொடுத்தது பாரிஸில் ஆறு மாதம் தங்கி வேலை செய்யும் வாய்ப்பு. தேசியக் கலை மன்றம் 1997-ல் ஒரு சட்டத்தால் அமைந்தது, மானியம் தருகிறது. பிள்ளைகள் அவரவர் துறை அலுவலகத்தில் விசாரித்தால் கடைசித் தேதிகள் தெரியும். அதற்குமேல் இங்கே நான் பட்டியல் போட வேண்டாம்.

இந்த இடத்தில் பெற்றோர்கள் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். 2017 டிசம்பரில் அரசாங்கம் அறிவித்த இலவச உயர்கல்வி, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 350,000 ராண்ட் வரை உள்ளவர்களுக்கு. அப்பா ஒரு வேலை, அம்மா ஒரு வேலை, இரண்டும் சேர்ந்து அந்தக் கோட்டை ஒரு விரற்கடை தாண்டிய வீடுகள் பீனிக்ஸிலும் சாட்ஸ்வர்த்திலும் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அந்த வீட்டுப் பிள்ளை கட்டடக்கலைக்குச் சேர்ந்தால், கல்விக் கட்டணத்தோடு செலவு முடிவதில்லை. அட்டை, பசை, பிளேடு, பெரிய தாளில் அச்சு என்று ஒவ்வொரு கிரிட்டுக்கும் பணம் வேண்டும். கிரிட் என்றால் சுவரில் வரைபடத்தை மாட்டிவிட்டு ஆசிரியர்கள் முன்னால் நின்று பதில் சொல்லும் அமர்வு. பிள்ளை இதை வீட்டில் சொல்லாது. "எல்லாம் சரியா இருக்கும்மா" என்றுதான் சொல்லும். சேமிக்க வேண்டி அளவைச் சுருக்கி அச்சு எடுத்து வருகிறவர்களை நான் பார்க்கிறேன். கோடு ஒன்றோடு ஒன்று ஒட்டி, நல்ல வேலை மங்கிப்போய் நிற்கும். நடுவர் கண்ணுக்கு அது கவனக்குறைவாகத் தெரியும். அது கவனக்குறைவு இல்லை என்று சொல்ல அங்கே யாரும் இருப்பதில்லை.

விருது வாங்கிய கட்டடத்துக்கே பிறகு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். இப்போது கெபேர்ஹா என்று பெயர் மாறிய போர்ட் எலிசபெத் பக்கம் நியூ பிரைட்டனில் ரெட் லொகேஷன் அருங்காட்சியகம் என்று ஒன்று. அதுவும் 1998-ல் போட்டியில் தேர்ந்த வடிவம்தான். 2006-ல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் அரச கழகம் அதற்கு லுபெட்கின் பரிசு கொடுத்தது. அருமையான கட்டடம். ஆனால் சுற்றிலும் இருந்த மக்களின் வீட்டுப் பிரச்சினை தீரவில்லை. 2013 அக்டோபரில் அந்த மக்களே போராடி அதை மூடவைத்தார்கள். நான் இதை வடிவமைத்தவர்கள் மேல் குறையாகச் சொல்லவில்லை. எதற்கு முதலில் பணம், எதற்குப் பிறகு என்ற கேள்வியை அந்தத் தெருக்காரர்கள் கடைசியில் கேட்டார்கள். போட்டி அறிவிப்பு எழுதும்போதே அதைக் கேட்டிருக்க வேண்டும் என்று என் மாணவர்களிடம் ஒவ்வொரு வருஷமும் சொல்கிறேன்.

முதலில் பணம் வைப்பது நமக்குப் புதிதில்லை நேயர்களே. அரசாங்கம் நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டாத காலத்தில் நம் முன்னோர் என்ன செய்தார்கள்? ஊர் ஒரு பவுண்டு போட்டால் அரசாங்கம் ஒரு பவுண்டு என்ற கணக்கில் பாதிப் பணத்தை ஊரே திரட்டிக் கட்டியது. கரும்புத் தோட்டத்துக் கூலியில் மிச்சம் பிடித்த காசு அது. எம்.எல். சுல்தான் கொல்லத்திலிருந்து ஒப்பந்தத் தொழிலாளியாக வந்தவர். அவர் கொடுத்த கொடையில் எழுந்த தொழில்நுட்பக் கல்லூரிதான் 2002-ல் இன்னொன்றோடு இணைந்து, இன்றைக்கு டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக நிற்கிறது. நம் பிள்ளைகள் பலர் ஓவியமும் கட்டட வரைவும் படிப்பது அங்கேதான்.

கோயில்களைப் பாருங்கள். மவுண்ட் எட்ஜ்கோம்ப் கணேசர் கோயில் 1898-ஐச் சேர்ந்தது, கிஸ்தப்ப ரெட்டி கட்டியது. அவரை நம்பி ஊர் மக்கள் முன்பணம் கொடுத்திருப்பார்கள். கட்டி முடித்த பிறகு நன்றாக இருந்தால் பரிசு தருகிறோம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பின்னாளில் டர்பன் கட்டடக் கலைஞர்கள் மூவர் இந்தக் கோயில்களை அளந்து வரைந்து 1982-ல் நூலாகப் பதிப்பித்தார்கள். மாணவியாக நூலகத்தில் அதைத் திறந்தபோது, நான் கூழ் வாங்கிக் குடித்த கோயில் முற்றம் தரைத்திட்டமாக, அளவோடு, அந்தப் பக்கத்தில் இருந்தது. சிட்னி ஓபரா ஹவுஸுக்கும் நம் கோபுரத்துக்கும் ஒரே மாதிரிக் கோடு போடுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆகவே கோயில் நிர்வாகிகளிடமும் தமிழ்ச் சங்கத்தாரிடமும் ஒரு வேண்டுகோள். வருஷாவருஷம் நீங்கள் கொடுக்கும் கோப்பையும் பரிசுத்தொகையும் இருக்கட்டும். அதில் ஒரு பங்கை முன்னால் நகர்த்துங்கள். மண்டபத்துக்குப் புதுச் சமையற்கட்டோ காவடிக்கு வருகிறவர்களுக்கு நிழற்பந்தலோ தேவைப்பட்டால், மாணவர்களுக்குள் ஒரு சிறு போட்டி வையுங்கள். பெயர் உறைக்குள் இருக்கட்டும். நடுவர் வரிசையில் அந்தச் சமையற்கட்டில் வேலை செய்யும் அக்காமார் இருவர் கட்டாயம் உட்காரட்டும். வரைய ஒப்புக்கொண்ட ஒவ்வொரு மாணவருக்கும் அட்டைக்கும் அச்சுக்கும் முதல் நாளே பணம் கொடுத்துவிடுங்கள். வென்றாலும் தோற்றாலும் திருப்பிக் கேட்காதீர்கள். தோற்றவர்களுக்கு ஏன் தோற்றார்கள் என்று இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். எனக்கு அன்று கிடைத்த பணம் எப்போதோ செலவாகிவிட்டது. "தூண்கள் சந்தைக்காரர்களின் நடைக்கு நடுவே நிற்கின்றன" என்று நடுவர் எழுதிய ஒரு வரி இன்றும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

நாங்கள் நாலு குடும்பம் சேர்ந்து சிறிய அளவில் இதைத் தொடங்கியிருக்கிறோம். பிள்ளைகள் கையில் பணமாகக் கொடுத்தால் கூச்சப்படுகிறார்கள். அதனால் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரு அச்சுக் கடையில் கணக்கு வைத்திருக்கிறோம். மாணவர் போய் வேண்டியதை வாங்கிக்கொண்டு ரசீதில் கையெழுத்துப் போட்டால் போதும். விண்ணப்பம் கிடையாது, மதிப்பெண் கேட்பதில்லை. மாதக் கடைசியில் ரசீதுகள் என்னிடம் வரும். முதல் ரொக்கம் போட்டவள் அந்தப் பீனிக்ஸ் தோழி. அவள் இப்போது ஒரு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள்.

போன மாதம் வந்த ரசீது ஒன்றில் மூன்று பெரிய அச்சு, பழுப்பு அட்டை நாலு, பிளேடு ஒரு பாக்கெட், நைலான் நூல் ஒரு கண்டு என்று எழுதியிருந்தது. நூலுக்கு மட்டும் கடைக்காரர் பணம் போடவில்லை.

நன்றி. வணக்கம்.