பொட்டலில் மறுநாள்

வணக்கம் நேயர்களே. தை பிறந்தால் சிராவயல் மஞ்சுவிரட்டு, மாசி மகத்தன்று அரளிப்பாறை, நடுநடுவே ஊருக்கு ஊர் மாட்டுவண்டி எல்கைப் பந்தயம் என்று நம் செட்டிநாட்டுப் பொட்டல்கள் ஆண்டுதோறும் பெருங்கூட்டத்தைக் காண்கின்றன. கூட்டம் கலைந்தபின் அங்கே கிடக்கும் குப்பையைப் பற்றி, ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவன் என்ற முறையில் பேச விரும்புகிறேன்.

நகரத்து விளையாட்டரங்கின் குப்பை மதிலுக்குள் கிடக்கும். நம் பொட்டலோ மறுநாளே மேய்ச்சல் நிலமாகிவிடுகிறது. ஆடு உதட்டால் பொறுக்கித் தின்னும்; மாடு நாக்கால் வளைத்து அப்படியே விழுங்கும் என்பது மாடு வளர்த்தவர்களுக்குத் தெரியும். மீந்த சோறு பாலித்தீன் பைக்குள் இருந்தால் பையும் சேர்ந்தே உள்ளே போகும். அது செரிக்காமல், சாணத்தோடும் வெளியேறாமல், இரைப்பையிலேயே தங்கித் திரளும்.

பந்தயம் நடந்த ஓர் ஊரில், அசைபோடுவதை நிறுத்திவிட்ட பசுவின் இடப்பக்க வயிற்றைக் கீறி, கயிறும் பாலித்தீனும் பின்னிக்கிடந்த பெரிய உருண்டை ஒன்றை எடுத்தோம். அதிலிருந்த பை ஒன்றின் வாயில் கட்டிய பச்சை நூல் அவிழாமலேயே இருந்தது. பந்தயக் குழுவில் இருந்த மாட்டுக்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நாங்க கட்டிக் குடுத்த சாம்பார்ப் பைதான், டாக்டரய்யா" என்றார். காளைக்கு மாலையிட்டு மரியாதை செய்யும் ஊர் அது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆகவே, குப்பையை எப்படி அள்ளுவது என்பதற்கு முன், எது பொட்டலுக்குள் வரலாம் என்பதை விழாக் குழு முடிவு செய்ய வேண்டும். தண்ணீர்ப் பாக்கெட்டும் பிளாஸ்டிக் குவளையும் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டவை. நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியில் குப்பையைத் தரம் பிரித்துக் கொடுப்பது நடத்துபவரின் பொறுப்பு என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் கூறின. வாழையிலையில் பரிமாறினால் எச்சில் இலையை மாடு தின்றாலும் கேடில்லை. நீர்மோர்ப் பந்தலுக்கு எவர்சில்வர் தம்ளர் போதும். கல்யாணத்துக்கு அண்டா அண்டாவாகப் பாத்திரம் இறக்கும் நம் ஊர்களில் தம்ளருக்குப் பஞ்சமில்லை. தம்ளர் காணாமற்போகும் என்பவர்கள் முன்பணம் வாங்கிக்கொள்ளலாம். ஜெர்மனியின் கால்பந்து அரங்குகளில் குவளைக்கு அப்படித்தான் வாங்குகிறார்கள். நீலகிரியில் 2022 முதல் காலி மதுப்புட்டியைத் திருப்பித் தந்தால், முன்பே வாங்கிய பத்து ரூபாயைக் கொடுக்கிறார்கள்.

மழைநீரோடு குப்பை வரத்துக்கால் வழியே ஊருணிக்குள் இறங்குவதைப் பற்றியும் பேச எண்ணியிருந்தேன். நேரம் முடியப்போவதாகக் கை காட்டுகிறார்கள். மறுசுழற்சியைப் பற்றி மட்டும் ஒரு சொல். தண்ணீர் பாட்டில்களைத் தனிச் சாக்கில் சேர்த்தால் பழைய இரும்புக் கடைக்காரர் எடைபோட்டு வாங்கிக்கொள்வார், அவை நூலிழையாகவும் மாறும். எச்சில் சோறு கலந்துவிட்டால் அவர் தொடமாட்டார். அதனால் அந்தச் சாக்கைப் பொட்டலின் வாசலில் வைக்காமல், பந்தி முடிந்து கைகழுவும் இடத்திலேயே, எச்சில் இலைக் கூடைக்குச் சற்றுத் தள்ளிக் கட்டிவையுங்கள். நன்றி, வணக்கம்.