கருப்பா இருக்கிறதெல்லாம் மெகலடான் இல்லீங்க!

வணக்கம் மக்களே! காத்து இரைச்சல் ஜாஸ்தியா இருக்கும், பொறுத்துக்கோங்க. ஃபுளோரிடாவில, வெனிஸ் ஊருக்குப் பக்கத்துல காஸ்பர்சன் பீச்சுல பழங்காலச் சுறாப்பல்லு பொறுக்கிட்டு நிக்கிறேன். 'உலகத்தோட சுறாப்பல் தலைநகரம்'னு இந்த ஊர்க்காரங்க தங்களுக்குத் தாங்களே பட்டம் குடுத்துக்கிட்டாங்க. ரெண்டு மணி நேரத்துல எனக்கு 23 பல்லு கிடைச்சிருக்கு, அதனால நான் அதை மறுத்துப் பேசப்போறதில்ல.

அதோ அவர் கையில நீளக் கம்பு, நுனியில கம்பிக் கூடை, பாத்தீங்களா? மண்ண அள்ளிச் சலிச்சுப் பல்லத் தேடுறதுக்கு. அதுக்கு இங்க 'ஃபுளோரிடா ஸ்னோ ஷவல்'னு பேரு. பனியே விழாத ஊர்ல பனி அள்ளுற கரண்டி! நான் வீட்டு மாவுச் சல்லடையத் தூக்கிட்டு வந்தேன். மண்ணே இறங்கல. வெறுங்கையாலதான் பொறுக்கினேன்.

சரி, விஷயத்துக்கு வரேன். போன வீடியோவில ஒரு பல்லக் காட்டி 'குட்டி மெகலடான்'னு, அதாவது அழிஞ்சுபோன ராட்சதச் சுறாவோட பல்லுன்னு குதிச்சேன்ல? இல்லவே இல்லன்னு கமெண்ட்ல சில பேர் சண்டைக்கு வந்தாங்க. என் தப்புதான். முக்கோணமா, கருப்பா இருந்துச்சு, நானும் நம்பிட்டேன். கருப்புங்கறது வயசோட அடையாளமே இல்ல. மண்ணுக்குள்ள கிடக்கும்போது தண்ணியில இருக்கிற தாதுக்கள் பல்லுக்குள்ள ஊறி நிறத்த மாத்திடுது. எந்த மண்ணுல கிடந்துச்சோ அந்த நிறம், அவ்வளவுதான்.

அப்ப எதைப் பாக்கணும்? ஓரத்தையும் வேரையும். பனைமட்டையில கருக்கு இருக்கும்ல, கைய வச்சா அறுக்குமே, அதே மாதிரி சில பல்லு ஓரத்துலயும் பொடிக் கருக்கு இருக்கும். நகத்தால மெல்ல இழுத்துப் பாருங்க, கண்ணுக்குத் தெரியாததும் தட்டுப்படும். என் 'மெகலடான்'லயும் கருக்கு இருந்துச்சு. ஆனா மெகலடானுக்குப் பல்லோட உள்பக்கம், அதாவது நாக்கு இருக்கிற பக்கமா, வேருக்கும் பல்லுக்கும் நடுவுல 'வி' வடிவத்துல ஒரு பட்டை ஓடும். வேரும் தடியா இருக்கும். என்னோடதுல பட்டையே இல்ல, வேர் நடுவுல சின்னதா ஒரு பள்ளக்கோடுதான். புல் ஷார்க், அதாவது காளைச் சுறா வகையறா. அந்தக் குடும்பத்துல எந்தச் சுறான்னு ஒத்தப் பல்ல வச்சு அடிச்சுச் சொல்றதும் கஷ்டம். கமெண்ட்ல சண்டை போட்ட அண்ணன்களே, நீங்க சொன்னதுதான் சரி!

இது லெமன் ஷார்க். மெலிசா, நேரா நிக்குது, வேர் ரெண்டு பக்கமும் நீண்டு 'டி' எழுத்து மாதிரி. இது டைகர் ஷார்க். சேவல் கொண்டை மாதிரி சாஞ்சு, ஒரு பக்கம் ஆழமா வெட்டு. இத ஒரு தடவ பாத்தா மறக்கவே மாட்டீங்க.

இந்தச் சீப்புத் துண்டு மாதிரி இருக்கிறது பல்லுதான், ஆனா சுறாவோடது இல்ல. திருக்கையோட வாயில இருக்கிற அரவைத் தட்டு. சிப்பிய நொறுக்கித் திங்கறதுக்கு.

ஒரு சங்கதி: அரசு நிலத்துல எலும்புப் புதைபடிவம் எடுக்க இங்க பர்மிட் வேணும். சுறாப்பல்லுக்கு மட்டும் விலக்கு.

கடைசியா, இன்னிக்கு என் செல்லம். கேமராகிட்ட காட்டுறேன்... ஃபோகஸ் ஆகுடா... ஆங்! கருக்கு பெருசு பெருசா ஏறி வருது, ஆனா நுனிக்கு முன்னாடியே நின்னுடுது. நுனி மட்டும் வழுவழுன்னு. ஹெமிப்ரிஸ்டிஸ்ங்கற சுறாவோட பல்லு. இந்த இனம் அழிஞ்சு போச்சு. இதே வம்சத்துல சொந்தக்கார இனம் ஒண்ணு மட்டும் இன்னும் உயிரோட இருக்கு. எங்க தெரியுமா? இந்தக் கடல்ல இல்ல, நம்ம இந்தியப் பெருங்கடல் பக்கம்! நான் அங்கேருந்து இங்க வந்து, இங்க இல்லாமப் போனவனோட பல்லப் பொறுக்கிட்டு நிக்கிறேன்.

ஐயோ, அலை, அலை! பை நனையுது... வரேன் மக்களே!