கல்லில் ஏறிய கோட்டு

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, ஜமாஅத் தலைவர் அவர்களே, ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, ராத்திரி கடலுக்குப் போய்விட்டுத் தூக்கத்தையும் விட்டு வந்திருக்கும் நாட்டுப்படகு அண்ணன்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் விட்டுப்போனவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

பொறித்த உருவங்கள் ஒருவரின் அந்தஸ்தை எப்படிச் சொல்கின்றன என்பது தலைப்பு. செப்புத்தகடு, கோயில் சிலை, நினைவுக்கல் என்று மூன்றையும் பார்க்கலாம். 'ஆள் பாதி, ஆடை பாதி' என்பார்கள். தகட்டில் ஆடைதான் முக்கால்.

பிரான்சில் நாந்தேய் என்றொருவர், பதினான்காம் லூயி மன்னரின் முகத்தைத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கினார். மை தடவித் தாளில் அழுத்தினால் இடம் வலமாக மாறி விழும். அதையும் கணக்கில் வைத்தே செதுக்க வேண்டும். அந்தக் கலைக்குக் கைவினைஞர் சங்கக் கட்டுப்பாடு வேண்டாமென்று 1660இல் அதே மன்னர் ஆணையிட்டார். இராமநாதபுரத்தை ஆண்ட நம் சேதுபதிகளின் செப்பேடுகளில் எழுத்துத்தான் பேசும். 'சேதுமூல ரட்சா துரந்தரன்', அதாவது சேதுவைக் காக்கும் பொறுப்பைச் சுமப்பவன், என்று விருதுப்பெயர்கள் அணிவகுக்கும், அதுவே முகம். இராமேசுவரம் கோயிலில் முத்துராமலிங்க சேதுபதி சிலையாகவே நிற்கிறார்.

என் அப்பா வத்தை என்கிற சின்னப் படகில் மீன் பிடித்தவர். அவர் போன பிறகு நினைவுக்கல்லில் முகம் பொறிக்கப் படம் கேட்டார்கள். இருந்தது ஒன்றே ஒன்று, கல்யாணத்துக்கு முன் ஸ்டூடியோவில் எடுத்தது. அங்கே ஆணியில் தொங்கிய கோட்டு ஒன்றை வருகிறவர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்வார்களாம். கல்வெட்டுகிறவர் கோட்டையும் விடவில்லை, பித்தானையும் விடவில்லை. கல் வந்திறங்கிய அன்று சித்தப்பா கேட்டார், "யாருடா இந்த வக்கீல்?" அம்மா கிட்டப் போனாள். தூண்டில் கிழித்த இடது காதைத் தடவினாள். "இவர்தான்," என்றாள். பிறகு கோட்டைப் பார்த்துவிட்டு, "கடலுக்கு இதைப் போட்டுக்கொண்டா போனீர்?" என்று கல்லிடமே கேட்டாள். அழுதுகொண்டிருந்த வீடு சிரித்துவிட்டது. ஆள் பாதி, ஆடை பாதி. எங்கள் கல்லில் ஆடை கடன்.

சரி, நான் கேட்க வந்தது இதுதான். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுக்கும் நம் பெண்களுக்கு இந்தக் கரையில் ஒரு கல் வேண்டும். சேலைமேல் போட்ட சட்டை, விரலில் சுற்றிய துணி, கண்ணில் கண்ணாடி என்று அப்படியே பொறிக்க வேண்டும். பட்டுச்சேலை கட்டிவிடாதீர்கள். மனுத்தாள் வாசல் மேசையில் இருக்கிறது. பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன், போன கூட்டத்தில் காணாமல் போய்விட்டது.